அப் என்றால் மேல

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் எனக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது என்று நினைவில்லை. அப்படிப்பட்டவள் நினைவுக் கட்டுரை என்று ஆரம்பிப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

போன மாதம் மகளை ஏற்றிவிடச் சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஒரு அம்மாள் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது மேக்க போற வண்டியாம்மா?" என்று என்னிடம் கேட்டார். ஒலிபெருக்கியில் மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஊர்ப் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் எனக்கு வாய் வரவில்லை. பிளாட்பாரத்தின் நுனிவரை நடந்துபோய், எஞ்சின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர் வேறு யாரிடமோ கேட்டு ஏறியிருந்தார். மகள் சிரித்தாள். அவளிடம் இதுவரை சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் வழியாகச் சின்ன ரயில், அதாவது மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலம். ஸ்டேஷனுக்குத் தெற்கே, கேட்டைத் தாண்டித் தண்டவாளத்தை ஒட்டி எங்கள் வீடு இருந்தது. தென்காசி, செங்கோட்டைக்குப் போகிற வண்டி எங்கள் கொல்லையை உரசிக்கொண்டு போகும். ராஜபாளையம், மதுரைக்குப் போகிற வண்டி ஸ்டேஷனிலிருந்து மறுபக்கம் போய்விடும், வீட்டைத் தொடாது. எங்கள் வீட்டில் யாரும் ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டார்கள். மலையைப் பார்க்க மேற்கே போவது மேல வண்டி. மற்றது கீழ வண்டி.

அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தம்பி, இவர்களோடு அத்தையும் எங்கள் வீட்டில் இருந்தாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷமே மாமா இறந்துபோனார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். நான் பிறந்தபோதே எங்கள் அடுப்படியில் இருந்தவள். விடியும் முன் எழுந்து தண்ணீர் எடுப்பாள், மாட்டைக் கவனிப்பாள், மாவு ஆட்டுவாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்குக் கடிகாரம் அவள்தான். சுவரில் ஒன்று தொங்கினாலும் அம்மா அதைப் பார்த்ததில்லை. புகைக்குள் குனிந்து ஊதிக்கொண்டிருக்கும்போதே, "மொத மேல வண்டி போயாச்சு, பிள்ளைக்குத் தலைவாரு" என்பாள் அத்தை. ஸ்டேஷனில் ஊதுகிற சத்தத்தை வைத்தே எந்த வண்டி, எந்தப் பக்கம் கிளம்புகிறது, எவ்வளவு லேட் என்று சொல்வாள். ஒருநாளும் தப்பியதில்லை.

ஒருநாள் பெரியப்பா வந்தார். அவரும் அப்பாவும் கொல்லையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினார்கள். மாட்டுக்குப் புல் போடுகிற சாக்கில் நான் அங்கேயே நின்றேன். தென்காசிக்குப் பக்கத்தில் தாத்தா விட்டுப்போன வயல் இருந்தது. அதைப் பற்றித்தான் பேச்சு. பெண் பிள்ளைகளுக்கும் இனிமேல் என்னவோ உண்டாம், புதிதாக வந்திருக்கிறதாம் என்று பெரியப்பா சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். அத்தைக்கு விடுதலைப் பத்திரம் எழுதப்போகிறார்கள்.

"நாளக்கழிச்சு நல்ல நாளு. அத விட்டா அட்டமி, நவமி. தள்ளிப் போடப் போட எவனாவது வந்து அவ காதுல எதையாவது ஓதிருவான்" என்றார் பெரியப்பா.

விடுதலை என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிறார்களே. அத்தைக்கு விடுதலை கிடைத்துவிட்டால் அவள் விடியும் முன் எழ வேண்டாம், தண்ணீர் எடுக்க வேண்டாம். அப்பாவுக்கு இவ்வளவு நல்ல மனசா என்று நினைத்தேன். பிறகு எங்கள் வீட்டில் யார் மாவு ஆட்டுவார்கள் என்று கவலையாகவும் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை.

மறுநாள் அப்பா அத்தைக்கு ஒரு புதுச்சேலை வாங்கி வந்தார். தீபாவளிக்குக்கூட அம்மாவின் பழைய சேலையைத்தான் அத்தை உடுத்துவாள். அம்மா அந்தச் சேலையைக் கையில் வாங்கி அத்தையிடம் கொடுத்தாள். அத்தையின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

பத்திரத்தை எழுதித் தயாராக வைக்க வேண்டும் என்று அப்பாவும் பெரியப்பாவும் விடிகாலைப் பஸ்ஸில் தென்காசிக்கு முன்னால் போவதாக ஏற்பாடு. அத்தைக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. ஏறி உட்கார்ந்தாலே வாந்தி வந்துவிடும். அதனால் அவள் ரயிலில் வரவேண்டும். மாடு இன்றோ நாளையோ கன்று போடுகிற நிலையில் இருந்ததால் அம்மாவால் வீட்டை விட்டு வரமுடியாது. ஆக, அத்தையைக் கூட்டிப் போகிற வேலை என்னிடம் வந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு டிக்கெட்டுக்கு எண்ணிக் கொடுத்தார்.

"பத்து மணிக்கு ரெண்டு வண்டியும் ஸ்டேஷன்ல கிராசிங் ஆவும். ரெண்டும் ஒண்ணுபோல நிக்கும். ரெண்டுலயும் ஒரே பலகதான் தொங்கும். நீ மேல வண்டியில ஏறணும். தெரியலைன்னா போர்ட்டர்ட்ட கேளு. நீ இங்கிலீசு படிக்க பிள்ள, பாத்துக்கிடுவ." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு விட்டுட்டா பெறவு கஷ்டம், பாத்துக்க" என்றார்.

அப்பா என்னை நம்பி ஒரு காரியம் சொன்னது அதுதான் முதல் தடவை. இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. வீட்டைத் தாண்டும்போது கொல்லையில் நின்று கைகாட்ட வேண்டும் என்று தம்பியிடம் நாலு முறை சொல்லிவைத்தேன்.

காலையில் அத்தை புதுச்சேலை கட்டிக்கொண்டாள். அம்மா இட்லி கட்டிக் கொடுத்தாள். ஸ்டேஷன் போனோம். டிக்கெட் ஜன்னல் என் தலைக்கு மேலே இருந்தது. "தென்காசி ஒண்ணரை" என்று சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். என் முறை வந்தபோது சத்தம் வரவில்லை. பின்னால் நின்றவர், "ஏட்டி, சீக்கிரம் சொல்லு, வண்டி வந்தாச்சு" என்று விரட்டினார். ஒருவழியாக வாங்கினேன். எனக்கு அரை டிக்கெட் என்பதற்காக அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். அந்த வெட்டைத் தடவிப் பார்த்தபடியே வெளியே வந்தால், இரண்டு வண்டிகளும் வந்து நின்றுகொண்டிருந்தன.

அப்பா சொன்ன மாதிரியே இரண்டிலும் ஒரே பலகை. ஒரு முனையில் மதுரை, மறு முனையில் செங்கோட்டை. எதிலிருந்து எதற்கு என்று அதில் இல்லை. போர்ட்டர் ஒருவர் பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாகப் போனார். கேட்கலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதுதான் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு வெளியே சாக்பீசில் எழுதிய கரும்பலகை கண்ணில் பட்டது. ஒன்றாவது பிளாட்பாரம் என்பதற்கு நேரே இங்கிலீஷில் 'அப்' என்று இருந்தது. இரண்டாவதற்கு நேரே இருந்த 'டி.என்.' என்ற இரண்டெழுத்து எனக்குப் புரியவில்லை. ஆனால் அப் போதும். அந்த மாதம்தான் வகுப்பில் எதிர்ச்சொல் படித்திருந்தோம். அப் என்றால் மேல. டவுன் என்றால் கீழ. யாரையும் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டேன்.

அத்தையை இழுத்துக்கொண்டு ஒன்றாவது பிளாட்பாரத்து வண்டிக்கு ஓடினேன். அத்தை படி ஏறாமல் நின்றாள். வண்டியின் தலைப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே எஞ்சின் புகைவிட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கத்து வண்டியைப் பார்த்தாள். வண்டி கிளம்பிவிடும் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இதுதான் மேல வண்டியா மக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்த. போர்டுல போட்டிருக்கு. அப்புன்னா மேல."

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. படிச்ச பிள்ள நீ சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள்.

வண்டி நகர்ந்தது. கைகாட்டுவதற்காக நான் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தயாராக வைத்திருந்தேன். கேட் வரவில்லை. எங்கள் கொல்லை வேப்பமரம் வரவில்லை. வேறு ஏதோ காடு, கருவேலமரம், பார்த்திராத ஒரு கிணறு என்று வந்துகொண்டே இருந்தன.

"வீடு வரலையே அத்த."

"வரும், வரும்" என்றாள், வெளியே பார்த்தபடியே.

கை வலித்தது. உள்ளே இழுத்துக்கொண்டேன். எதிர்ப் பலகையில் புளியங்குடியிலிருந்து எலுமிச்சங்காய் மூடையோடு வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ, "அண்ணாச்சி, தென்காசி எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டேன்.

"தென்காசியா? அது பொறத்தால போயாச்சே தாயி. இது ராசபாளையம்லா போவுது" என்றார் அவர். பிறகு அத்தையைப் பார்த்து, "எம் மூடைக்கு வாயில்ல, அது சரியா ஏறி உக்காந்திருக்கு. வாயுள்ள ரெண்டு பேரும் தப்பா ஏறிருக்கியளே" என்றார். பெட்டியே சிரித்தது. சங்கிலியைப் பிடித்து இழுக்கச் சொன்னாள் ஒருத்தி. இழுத்தால் பிடித்து உள்ளே வைத்துவிடுவான் என்றார் இன்னொருவர். தவறான டிக்கெட்டில் போனாலும் உள்ளேதான் என்று மூன்றாவதாக ஒருவர் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஜெயிலைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தென்காசி ஸ்டேஷனில் அப்பா நின்றுகொண்டிருப்பார். அத்தைக்கு விடுதலை கிடைக்கிற நாளை நான் கெடுத்துவிட்டேன். நாளை அஷ்டமி. இனி ஆயுசுக்கும் அத்தை தண்ணீர் எடுத்துக்கொண்டும் மாவு ஆட்டிக்கொண்டும் கிடப்பாள். எல்லாம் என் ஒருத்தியால். அழுதுகொண்டே இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

அத்தை பதறவில்லை. "அழாத மக்கா. வண்டின்னா எங்கனயாவது நிக்கத்தான செய்யும். இறங்கித் திரும்பி வருவோம்" என்று சொல்லி, மடியில் இருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒன்றைப் பிட்டுத் தானே வாயில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் எனக்குக் கொடுத்தாள். அத்தை முதலில் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ராஜபாளையத்தில் இறங்கினோம். வாசலில் டிக்கெட் வாங்குகிறவர் கறுப்புக் கோட்டோடு நின்றார். நான் அத்தையின் முந்தானைக்குள் போய்விட்டேன். வெளி ஆண்களிடம் அத்தை பேசி நான் கேட்டதே இல்லை. பால்காரர் வந்தால்கூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பாத்திரத்தை நீட்டுவாள். அன்று நேராகப் போய், "பிள்ள தெரியாம ஏறிட்டு சார். தென்காசிக்குப் போணும். அப்புன்னு போர்டுல பாத்து, மேலன்னு நெனச்சிட்டு" என்று கணீரென்று சொன்னாள்.

அவர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மூத்திரம் முட்டியது. "அப்புன்னா மெட்ராஸ் பக்கம் போற வண்டி பாப்பா. டவுன்னா அங்கேருந்து வர்ற வண்டி. உங்க ஊரு மேலயும் கீழயும் ரயில்வேக்குத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சாயங்காலம் வண்டி இருக்கிறது, அதுவரை இங்கேயே இருங்கள் என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம்வரை ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தை காலை நீட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் அப்பா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்திருப்பார். இந்நேரம் ஆபீசை மூடியிருப்பார்கள். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "உனக்கு விடுதல கெடைக்காம ஆக்கிட்டேன் அத்த" என்று சொல்லிவிட்டேன்.

"என்னது?"

"பத்திரம். விடுதலப் பத்திரம்."

அத்தை திரும்பி உட்கார்ந்தாள். "விடுதலைன்னா என்ன மக்கா? ஒங்க பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் குடுத்தாவ?"

"நம்மள யாரும் வேல ஏவமாட்டாங்க. நமக்குன்னு கொடி இருக்கும். மிட்டாய் குடுப்பாங்க" என்றேன்.

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. புதுச்சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கும் மிட்டாய் குடுப்பாவளா?" என்று கேட்டாள். குடுப்பார்கள் என்று நான் உறுதியாகச் சொன்னேன்.

சாயங்கால வண்டியில் திரும்பி ஊரில் இறங்கியபோது அப்பாவும் பெரியப்பாவும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார்கள். காலையில் மேல வண்டி போனபோது தம்பி கொல்லையில் நின்று கைகாட்டிக் கைகாட்டி, நாங்கள் இல்லாததைப் பார்த்து அழுதிருக்கிறான். அம்மா ஸ்டேஷனுக்கு ஓடிவந்து விசாரித்திருக்கிறாள். அன்று மாடும் கன்று போட்டிருக்கிறது. எல்லாம் பிறகு தெரிந்தது. அப்பாவைப் பார்த்ததும் நானே, "அப்புன்னா மேலன்னு நெனச்சேன்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. அத்தை குறுக்கே வந்து நின்றிருந்தாள். "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதலே. அவ படிச்சவ, சொன்னா, நான் ஏறுனேன். கைநாட்டு எனக்கு எந்த வண்டி எங்கன போவும்னு என்ன தெரியும்?"

அப்பா அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓங்கிய கை அப்படியே இருந்தது. பிறகு இறக்கினார். பெரியப்பா வாயைத் திறந்தார். அப்பா "விடுண்ணே" என்று தடுத்துவிட்டார். அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிம்மதியிலேயே தூங்கிவிட்டேன்.

அத்தை இறந்து வெகுநாளாகிறது. அவளிடம் நான் எதையும் கேட்டதில்லை. சில வருஷங்களுக்கு முன் என் தம்பி என்னிடமும் ஒரு பத்திரத்தை நீட்டினான். தலைப்பு, விடுதலைப் பத்திரம். எழுத்துக்கூட்டி முழுதும் படித்தேன். சொத்தில் எனக்குள்ள பாத்தியதை எல்லாவற்றையும் நானே மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்து விடுதலை செய்வதாக அதில் இருந்தது. விடுவிக்கப்படுவது நானல்ல, நிலம். நான் கையெழுத்துப் போட்டேனா என்பது இங்கே வேண்டாம். அன்று இரவு எனக்கு அந்த எஞ்சின்தான் நினைவுக்கு வந்தது. எஞ்சின் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி போகும். அடுப்படியில் இருந்தபடியே சத்தத்தை வைத்து மேல வண்டி, கீழ வண்டி என்று சொன்னவள் அன்று அந்த எஞ்சினைக் கண்ணாலேயே பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்கு வேண்டியிருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது. என் இங்கிலீஷை நம்பி ஏறினாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் ராஜபாளையம் போய்த் திரும்பியதற்கு மறுநாள் அஷ்டமி. அப்பாவும் பெரியப்பாவும் அத்தையைக் காலைப் பஸ்ஸில் தென்காசிக்குக் கூட்டிப் போனார்கள். வழியில் மூன்று இடத்தில் வாந்தி எடுத்தாளாம். கைநாட்டு வைத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிட்டார்கள். வரும்போது அப்பா அரைக்கிலோ அல்வா வாங்கி வந்தார். அம்மா எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள். அத்தை தன் பங்கை எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் சாப்பிட்டேன்.